அசைந்தது நானில்லை

என் மனைவியை அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாலு நிமிஷம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருப்பவர்களுக்கு மைக்கில் அவள் சொல்லும் ஒரே ஆறுதல் அதுதான். "இன்னும் நாலு நிமிஷம்தான், அப்படியே இருங்க." அந்த நாலு நிமிஷம் சில நாள் ஏழாக இருக்கும், சில நாள் பன்னிரண்டாக இருக்கும். படுத்திருப்பவர் கையில் கடிகாரம் கிடையாது. காந்தம் இழுத்துவிடும் என்று வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவாள். அதனால் இதுவரை யாரும் அவளைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாடு எப்போது என்றால் நாலு நிமிஷம். கிளம்பலாமா என்றால் நாலு நிமிஷம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. எத்தனை வருஷம் என்று அவளிடம் கேட்டாலும் நாலு நிமிஷம் என்றுதான் சொல்வாள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

நான் போட்டோக்காரன். கலைஞன் என்று நினைத்து யாரும் கைகுலுக்க வர வேண்டாம். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு முறை வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் படம், இவ்வளவுதான் என் உலகம். ஒரு முக்காலி, பின்னால் சாம்பல் நிறத் துணி, இரண்டு பக்கமும் வெள்ளைக் குடை போட்ட விளக்கு, தலை வாரிக்கொள்ள ஒரு கண்ணாடி. நான் எடுப்பது வெளிப்படம், அவள் எடுப்பது உள்படம். "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று என்னிடம் தினமும் ஒருவர் சண்டைக்கு வருவார். அவளிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. என் சிறுநீரகம் ஏன் இவ்வளவு சப்பையாக விழுந்திருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம். அதைச் சொல்லிக்காட்டுவதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

நாங்கள் சந்தித்ததும் படத்தால்தான். சென்டர் ஊழியர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கப் போயிருந்தேன். எல்லோரும் ஒரே தடவையில் முடித்துக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் கேமராவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, "வலது காதோரம் தெளிவா இல்ல. மறுபடி எடுங்க" என்றாள். எடுத்தேன். இடது தோளைக் குறை சொன்னாள். இப்படி ஏழு முறை. எட்டாவது முறை கேமராவைத் தூக்கும்போது, ஒன்று இந்தத் தொழிலை விட வேண்டும், இல்லாவிட்டால் இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. தொழிலை விட மனசு வரவில்லை.

அவளுக்கு முகம் நினைவிருக்காது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கடைத்தெருவில் யாராவது, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கும்பிட்டால் திருதிருவென்று முழிப்பாள். அவர் கடந்து போய், முதுகு தெரிந்த பிறகுதான் என் கையை இடிப்பாள். "இவருக்கு கடைசி டிஸ்க் இடது பக்கம் பிதுங்கியிருக்குங்க. போன வருஷம் வந்தாரு." படத்தை மட்டும் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். ஒரு நாளைக்குப் பதினைந்து முதுகு, வாரத்தில் ஆறு நாள். அவள் கைப்பட எடுத்த முதுகுகளை வரிசையாக நிறுத்தினால் எங்கள் தெரு போதாது.

இப்படிப்பட்டவளுடைய வீட்டுக்காரனுக்கு முதுகு வலி வந்தது.

முதலில் சாதாரண வலிதான். குனிந்து லென்ஸ் பையை எடுக்கும்போது இடுப்புக்கு மேலே சுருக்கென்றது. சொன்னேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாருக்கும் முதுகு வலிக்கும்" என்றாள். இரண்டாவது வாரமும் சொன்னேன். "ஒரு படம் எடுத்துடேன்" என்றும் கேட்டேன்.

"எடுத்தா என்ன வரும் தெரியுமா? டிஸ்க் தேய்மானம்னு வரும். உங்க வயசுல யார எடுத்தாலும் அதுதான் வரும். அத ரிப்போர்ட்ல படிச்சுட்டு, இப்ப இருக்கறதுக்கு மேல வலிக்குதும்பீங்க. நடங்க, சரியாயிடும்."

அவள் சொன்னது தப்பில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு முதுகுக்கு அது சரியான வைத்தியம்தான். டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் முறைத்துக்கொண்டு தெருமுனைக் கிளினிக்குக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு எல்லாம் ஒழுங்காக, பல்வரிசை போல இருந்தது. அதை அவளிடம் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல?" என்றாள். முதுகில் நடக்கிற சில விஷயங்கள் எக்ஸ்ரேயில் எட்டிப் பார்க்கவே மூன்று நான்கு வாரம் ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வேறு யாருடைய எக்ஸ்ரேயாக இருந்திருந்தாலும் அது ஞாபகத்துக்கு வந்திருக்கும். அது என்னுடையதாகப் போய்விட்டது.

நடுவில் என் மச்சினன் வந்து சேர்ந்தான். அவளுடைய தம்பி. அவனுக்குத் தெரியாத வைத்தியம் உலகத்தில் இல்லை. "மாமா, இது தசைப்பிடிப்பு. நான் எடுத்து விடுறேன், திரும்பிப் படுங்க" என்றான். திரும்பிப் படுத்தேன். முதலில் கையால் பிசைந்தான், பிறகு முழங்கையால். அதுவும் போதாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு முதுகின் மேல் ஏறியே நின்றான். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "பிடிப்பு விடுது மாமா, கத்துங்க, கத்துங்க" என்று அவன் சந்தோஷப்பட்டான். போகும்போது வலி மாத்திரை ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த மாத்திரைதான் எங்கள் எல்லோர் கண்ணையும் கட்டியது. தின்றால் ஐந்து மணி நேரம் வலி அடங்கும். வலியோடு சேர்த்து வேறு ஒன்றையும் அது அடக்கிக்கொண்டிருந்தது என்று அப்போது தெரியாது. ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது அட்டையும் தீர்ந்துபோனது. புது அட்டை வாங்கச் சோம்பேறித்தனம். படுத்தால் வலி குறைய வேண்டும், எனக்குப் படுத்தால்தான் கூடியது. அதனால் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஏதோ எடுக்க என் பக்கம் வந்தாள். கை என் கழுத்தில் பட்டது. நின்றாள்.

"ஏங்க, கொதிக்குது?"

"உன் கை ஜில்லுனு இருக்கு."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. எத்தன நாளா இப்படி?"

எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரை காய்ச்சலை மறைத்திருக்கிறது, நானும் வேர்வைக்கு ஸ்டுடியோ விளக்குச் சூட்டின் மேல் பழி போட்டிருக்கிறேன். அவள் மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என் நெற்றியிலும் முதுகிலும் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்தாள். கடைசியில், "நாளைக்கு மத்தியானம் சென்டருக்கு வாங்க. ரெண்டு பேஷண்டுக்கு நடுவுல கால் மணி நேரம் இருக்கு" என்றாள். ஐந்து வாரம் கெஞ்சியது பலித்துவிட்டது என்று எனக்கு வெற்றிக் களிப்பு. மறுநாள் காலை தெருமுனைக் கிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'இடுப்பு வலி, ஐந்து வாரம்' என்று மட்டும் இருந்தது. காய்ச்சலைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் சென்டருக்குப் போனேன். சாவி, பெல்ட், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டாள். "பையில காசு?" என்றாள். "இல்ல" என்றேன். நம்பாமல் பையைத் தட்டிப் பார்த்தாள். காதில் பஞ்சு, கையில் ரப்பர்ப் பந்து. தாங்க முடியாவிட்டால் பந்தை அமுக்க வேண்டும், வெளியே மணி அடிக்கும். நான் உள்ளே போவதற்கு முன்பே இரண்டு முறை அமுக்கிப் பார்த்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த இயந்திரத்தின் வண்டவாளம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் சமைக்கும்போது அதன் சத்தங்களை வாயால் எழுப்புவாள். முதுகுக்கு நான்கு வரிசைப் படம். முதல் வரிசை தகரக் கதவைத் தட்டுகிற மாதிரி. இரண்டாவது தையல் இயந்திரம். மூன்றாவது பஸ் பின்னால் வரும்போது கத்துகிற கத்தல். நான்காவது வரிசை, கொழுப்பை அணைத்துவிட்டு நீரை மட்டும் வெளிச்சமாகக் காட்டுவது. கூட்டமான நாளில், சாதாரண முதுகு வலி என்றால், நான்காவதை விட்டுவிடுவார்கள். அங்கே அது எழுதாத வழக்கம். இதுவும் எனக்குத் தெரியும். எனவே மூன்றாவது கத்தல் நின்றதும் நான் பெருமூச்சு விட்டு எழுந்திருக்கத் தயாரானேன். முதுகு ரணகளமாக இருந்தது.

மைக்கில் அவள் குரல் வந்தது.

"அசைஞ்சீங்களா?"

"இல்லையே."

"அசைஞ்சீங்க. படம் கலங்கியிருக்கு."

"நான் மூச்சே பாதிதான் விட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. பதினெட்டு வருஷமா உங்கள எனக்குத் தெரியாதா? சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா எட்டு தடவ எழுந்து போவீங்க. சலூன்ல உங்க காது ரெண்டு தடவ வெட்டுப்பட்டிருக்கு. நீங்களாவது அசையாம இருக்கறதாவது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற குழந்தைகளை எல்லாம் அசையாமல் உட்கார வைத்துப் பிழைப்பவனைப் பார்த்து இப்படி ஒரு சொல்லா? அதுவும் மைக்கில். வெளியே பெயர் பதிகிற பெண் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"எங்க கலங்கியிருக்கு? முழுக்கவா?"

"இல்ல. ஒரு இடத்துல. மூணாவது எலும்புக்கும் நாலாவது எலும்புக்கும் நடுவுல. எலும்போட விளிம்பு தெரியல."

"மத்த எலும்பெல்லாம்?"

"அதெல்லாம் தெளிவாத்தான் இருக்கு."

விட்டேனா? படுத்தபடியே நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். "ஏம்மா, என் முக்காலியில உக்காந்தவன் ஆடினா மூக்கு மட்டுமா கலங்கும்? மூக்கு, காது, சட்டைப் பித்தான் எல்லாம் சேர்ந்துதான் கலங்கும். நான் அசைஞ்சிருந்தா முதுகு முழுக்கல்ல கலங்கணும்? பக்கத்துல இருக்கறவன கேக்காம ஒரே ஒரு எலும்ப மட்டும் ஆட்டறதுக்கு நான் என்ன வித்தைக்காரனா? அசஞ்சது நானில்ல. ஒழுங்கா பாரு."

மைக் பட்டென்று அணைந்தது. இந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று புரிந்தது. பதினெட்டு வருஷத்தில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை, அதனால் கொஞ்ச நேரம் அதை ரசித்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு மைக் மறுபடியும் கரகரத்தது.

"இன்னும் ஒரு வரிசை எடுக்கணும்."

"நாலு நிமிஷமா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம் இருபது செகண்டு."

அவள் வாயில் சரியான கணக்கை நான் அதுவரை கேட்டதே இல்லை. அந்த ஐந்து நிமிஷம் இருபது செகண்டும் நான் கல்லாகக் கிடந்தேன். முதுகு வலித்தது, நெற்றியில் வேர்வை ஓடிக் காதுக்குள் போனது, அசையவில்லை.

சத்தம் நின்றது. கனமான கதவு திறந்தது. அவள் உள்ளே வந்து என்னை வெளியே இழுக்காமல், குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால் கட்டை விரலைப் பிடித்தாள்.

"இது தெரியுதா? விரல ஆட்டுங்க. இந்தக் கால். இப்ப என் கையத் தள்ளுங்க. நல்லா தள்ளுங்க."

தள்ளினேன்.

"சார், ஒரு ஊசி மருந்து போட்டு இன்னும் கொஞ்சம் படம் எடுக்கணும்."

"சாரா? யாரும்மா அது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஊசியையும் அவள் போடவில்லை, வேறு ஒருவர் வந்து போட்டார்.

ரிப்போர்ட் எழுதும் டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். என்னைச் சக்கர நாற்காலியில் அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். திரையில் என் முதுகெலும்பு நின்றுகொண்டிருந்தது. மற்ற எலும்பெல்லாம் இருட்டாக இருக்க, நடுவில் இரண்டு எலும்பும் அவற்றுக்கு இடையில் இருந்த டிஸ்க்கும் மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்தன. எனக்குத் தொழில் புத்தி போகுமா? "நல்ல வெளிச்சம் டாக்டர்" என்றேன்.

"அந்த வெளிச்சம்தான் பிரச்சினை" என்றார். நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். தேய்ந்துபோன டிஸ்க் ஈரம் வற்றிக் கறுத்துப் போகுமாம். என்னுடையது நனைந்து மின்னுகிறது. புற்றுநோய் என்றால் பெரும்பாலும் எலும்பைத் தின்னும், டிஸ்க்கை விட்டுவைக்கும். இது டிஸ்க்கையும் தின்று, மேலும் கீழும் இரண்டு எலும்பின் விளிம்பையும் கடித்திருக்கிறது. "கிருமி. அனேகமா கிருமிதான். பின்பக்கம் பாருங்க, நரம்பு போற குழாய் ஓரமா மெல்லிசா சீழ் கோத்திருக்கு. இது பெருசானா நரம்ப அழுத்தும். அப்புறம் கால்ல பலம் போயிடும். நல்லவேளை, இன்னும் போகல." என் பக்கம் திரும்பி, "சமீபத்துல எங்கயாவது கட்டி, புண்ணு, பல்லுல சீழ், ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்தது. வலி ஆரம்பிக்க இரண்டு வாரம் முன்னால் தோளில் ஒரு கட்டி. ஸ்டுடியோக் கண்ணாடியில் பார்த்து நானே பிதுக்கி, துடைத்து, மறந்தும் போயிருந்தேன். அந்த வாசல் வழியாக ரத்தத்துக்குள் இறங்கிய கிருமி உடம்பெல்லாம் சுற்றி, வசதியான இடம் பார்த்து முதுகில் குடியேறியிருக்கிறது. அதன் தலைமேல்தான் என் மச்சினன் ஏறி நின்று மிதித்திருக்கிறான்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்தது. வீட்டுக்கு நடந்து போக முடியுமா, முக்காலிக்கு முன்னால் இனி நிற்க முடியுமா என்று பயம். அதைவிட, அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் நிற்கிறாளே என்று பயம்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகெலும்பு டாக்டர் ஒரு அம்மா. ஒல்லியாக, வேகமாகப் பேசுகிறவர். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுக்க மாட்டேன் என்றார். மறுநாள் சி.டி. இயந்திரத்தில் குப்புறப் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, டிஸ்க்கிலிருந்து ஒரு துளி எடுத்தார்கள். மரத்துப் போக மருந்து போட்டிருந்தாலும், யாரோ எனக்குள் சாவி போட்டுத் திறக்கிற மாதிரி இருந்தது. மூன்று நாளில் கிருமி பிடிபட்டது. எல்லோர் தோலிலும் சும்மா உட்கார்ந்திருக்கிற சாதாரணக் கிருமிதானாம். "ஆறு வாரம் டிரிப். அதுக்கப்புறம் மறுபடி படம் எடுப்போம். நடுவுல கால் பலம் குறைஞ்சாலோ, மருந்து கேக்காம பரவினாலோ, ஆபரேஷன் பண்ணி முதுகுல கம்பி வைக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அந்த ஆறு வாரம் என் மனைவி எனக்குப் போலீஸ்காரியாக மாறினாள். காலையில் டியூட்டிக்குப் போகுமுன் என் இரண்டு உள்ளங்காலிலும் கையை வைத்து, "தள்ளுங்க" என்பாள். சாயங்காலம் வந்து மறுபடியும் "தள்ளுங்க." நாள், நேரம், எந்தக் கால் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ஒருநாள் வேடிக்கைக்காக இடது காலை மெதுவாகத் தள்ளினேன். முகம் வெளிறி, நர்ஸைக் கூப்பிட ஓடியேவிட்டாள். திரும்பி வந்து நான் சிரிப்பதைப் பார்த்ததும் நோட்டாலேயே என் தொடையில் அடித்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் அந்த விளையாட்டை நான் விளையாடவில்லை.

மச்சினன் மூன்று நாள் வார்டு வாசலோடு நின்றுவிட்டுப் போனான். நாலாவது நாள் உள்ளே வந்து தலையைக் குனிந்து நின்று, "மாமா, என் முதுகுல நீங்க ஒரு தடவ ஏறி நின்னுடுங்க" என்றான். நடக்க முடிந்ததும் பார்க்கலாம் என்று தவணை சொல்லி அனுப்பினேன்.

மருந்து வேலை செய்வதை நான் உணர்ந்தேன். காய்ச்சல் நின்றது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். பிறகு ஸ்டாண்ட் இல்லாமல் நடந்தேன். நான் எதைச் சொன்னாலும் அவள், "படம் பாக்கலாம்" என்பாள். வலி குறைஞ்சிருக்கு என்றால் படம் பாக்கலாம். நல்லா தூங்கினேன் என்றாலும் படம் பாக்கலாம். என் வாயை நம்பி ஐந்து வாரம் கெட்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ. உண்மையில் அவள் நம்பாமல் விட்டதுதான் என் வாயை, ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆறு வாரம் முடிந்து அவளே படம் எடுத்தாள். நான்கு வரிசையும் ஊசி மருந்தோடு சேர்த்து. மைக்கில் ஒரு பேச்சும் இல்லை. முடிந்ததும் வந்து பலகையை வெளியே இழுத்தாள். முகத்தைப் பார்த்தேன்.

"என்ன?"

"டாக்டர் சொல்வாங்க."

ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லிப் பழகிய பதில். அதை என்னிடம் சொன்னதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் உன் பேஷண்டு இல்ல. உன் வீட்டுக்காரன். சொல்லு."

பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "குறையலங்க. அந்த வெள்ளை அப்படியே இருக்கு. எலும்பு முன்ன விட இன்னும் கொஞ்சம் போயிருக்கு. போன படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன். மோசமாத்தான் இருக்கு."

அப்படியானால் கம்பி. அப்படியானால் மறுபடியும் படுக்கை. நான் நடந்து வந்த கால்களை நானே சந்தேகமாகப் பார்த்தேன். அவற்றுக்கு விஷயம் இன்னும் தெரியாது போலிருந்தது.

டாக்டரம்மாவின் அறைக்குள் நாங்கள் போனதும் அவள் படத்தைத் திரையில் போடப் போனாள். "அது இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகெலும்பை மேலிருந்து கீழ் வரை கட்டைவிரலால் அமுக்கினார். "வலிக்குதா?" வலிக்கவில்லை. முன்பு அதே இடத்தில் சட்டை பட்டாலே உயிர் போகும். குதிகாலில் நடக்கச் சொன்னார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். சேர்த்த அன்று நூற்றி நாற்பதில் இருந்த, கிருமி இருந்தால் ஏறுகிற ஏதோ ஒரு கணக்கு நாலுக்கு இறங்கியிருந்தது. எல்லாம் ஆன பிறகுதான் படத்தைத் திறந்தார்.

"எலும்பையும் டிஸ்க்கையும் பாத்துட்டுப் பயந்துட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டார். "நரம்பு ஓரமா இருந்த சீழ் எங்க?"

என் மனைவி திரையின் அருகே போனாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து தள்ளினாள்.

"இல்ல" என்றாள்.

"இல்ல. போயிடுச்சு. எலும்பு ஆறி, அது படத்துல தெரிய மாசக்கணக்கா ஆகும். நடுவுல பாத்தா முன்ன விட மோசமாக்கூடத் தெரியும். இவர் முன்னாடி நடந்து போயிட்டார், படம் பின்னாடி மெதுவா வருது, அவ்வளவுதான். கம்பியெல்லாம் வேண்டாம். டிரிப்ப நிறுத்திட்டு மாத்திரை. தினமும் நடங்க, மாடிப்படி ஏறுங்க."

லிஃப்ட் பக்கம் போன என்னை அவள் படிக்கட்டுக்குத் திருப்பினாள். இரண்டு மாடி ஏறிப் போய் மாத்திரை வாங்க வேண்டும். "ஏறுங்க. நான் பின்னாடி வரேன்" என்றாள். ஏறினேன். என் ஒவ்வொரு காலும் படியில் பதிவதைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் வந்தாள். முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று திரும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கொஞ்சமாக அல்ல, மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். மேலேயிருந்து இறங்கி வந்த இரண்டு நர்ஸுகள் எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கிப் போனார்கள்.

"என்னம்மா? அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே."

"வேற யாரா இருந்திருந்தாலும் அந்தப் படத்தப் பாத்ததும் டாக்டரக் கூப்பிட்டிருப்பேங்க. நீங்கங்கறதாலதான் அசஞ்சீங்கன்னு நெனச்சேன்."

பல வாரமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இரண்டு படி இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றேன்.

"வேற யாரா இருந்திருந்தா, 'ஆமாம்மா, தெரியாம அசஞ்சுட்டேன், மன்னிச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான். உன்கிட்ட மைக்லயே சண்ட போட என்ன விட்டா யாரு இருக்கா?"

அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை பின்னால் வராமல், என் பக்கத்திலேயே ஏறினாள்.